களி கிண்டும் மாவில் கிறிஸ்துமஸ் குக்கீஸ்!
ஓவன் வேண்டாம்... பழைய தேக்சாவும் மணலும் போதும்!

கார்த்திகை கடைசியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட கிராமங்களுக்குப் போனால், மானாவாரி ராகி அறுவடை முடிந்து, கதிரடித்து, தூற்றி, மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதே நேரத்தில்தான் கிறிஸ்துமஸும் வருகிறது. மூட்டை வீட்டில் இருக்கும். கையில் காசு இருக்காது. விதை, உரம், அறுவடைக் கூலி என்று வாங்கிய கடன் முன்னால் நிற்கும்.

பென்னாகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலும் போன வருடம் இதே நிலைதான். மாமியார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து 22 தட்டுப் பலகாரம் வந்திருந்தது. வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டிலிருந்து 22 தட்டு போயாக வேண்டும். வழக்கமான அதிரசம், முறுக்கோடு இந்தத் தடவை குக்கீஸும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். டவுன் பேக்கரியில் கால் கிலோ டப்பா 140 ரூபாய். தட்டுக்கு நாலு வைத்தாலும் கணக்கு எங்கேயோ போய் நின்றது.

''அத்தை, நம்ம ராகியிலயே பிஸ்கட்டு சுட்டா என்ன?'' என்று மருமகள் கேட்டார்.

''களி கிண்டுற மாவுல பிஸ்கட்டா? செஞ்சிதான் பாரேன், வேணாம்னு யாரு சொன்னா'' என்றார் மாமியார்.

அங்கே ஆரம்பித்தது. முதல் தடவை செய்தது அத்தனையும் உதிர்ந்து மாவாகப் போனது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவைக்குள் ஆர்டர் வந்துவிட்டது. அந்த ஆர்டரில்தான் உண்மையான சிக்கலும் வந்தது. செய்முறையையும் கணக்கையும் சேர்த்தே தெரிந்துகொண்டால், இந்த டிசம்பரில் அந்தச் சிக்கல் இல்லாமல் செய்யலாம்.

ஏன் உதிர்ந்தது?

குக்கீஸ் என்பது மாவு, இனிப்பு, கொழுப்பு மூன்றும் சேர்ந்த பண்டம். கோதுமையிலும் மைதாவிலும் 'குளுட்டன்' என்ற பசைப் புரதம் இருக்கிறது. பிசையும்போது மாவைப் பிடித்து வைப்பது அதுதான். ராகியில் அது கிடையாது. அதனால்தான் ராகி மாவில் சப்பாத்தி தேய்த்தால் ஓரம் வெடிக்கிறது, கையால் தட்டி ரொட்டியாகச் சுடுகிறோம். முழுக்க ராகியில் குக்கீஸ் செய்தாலும் இதே கதைதான். வாயில் போட்டால் மணல் மாதிரி உதிரும்.

இதற்கு வழி, பாதி ராகி, பாதி கோதுமை. ராகியின் மணமும் நிறமும் கிடைக்கும், கோதுமை பிடித்துக்கொள்ளும். முதல் தடவை செய்பவர்கள் இந்தப் பாதிக்குப் பாதி அளவை மாற்ற வேண்டாம். கை பழகிய பிறகு ராகியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

தேவையானவை (சுமார் 20 குக்கீஸ்)

ராகி மாவு - 100 கிராம்
கோதுமை மாவு - 100 கிராம்
பொடித்த நாட்டுச் சர்க்கரை - 100 கிராம்
நெய் - 100 கிராம் (உருகாமல், கெட்டியாக இருக்க வேண்டும்)
பேக்கிங் பவுடர் - அரை டீஸ்பூன்
ஏலக்காய் - 2
உப்பு - ஒரு சிட்டிகை
காய்ச்சி ஆறிய பால் - 1 முதல் 2 மேசைக்கரண்டி

ஞாபகம் வைத்துக்கொள்ள சுலபமான வழி: மாவு இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, நெய் ஒரு பங்கு. எல்லாவற்றையும் எடை போட்டு எடுக்க வேண்டும். டம்ளர் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஒரு டம்ளர் ராகி மாவும் ஒரு டம்ளர் நெய்யும் ஒரே எடை கிடையாது. அந்த வீட்டில் முதல் தடவை நடந்த இன்னொரு தப்பு இதுதான். தட்டு வைத்த சின்னத் தராசு இருந்தாலே போதும்.

செய்முறை

1. ராகி மாவை வெறும் வாணலியில், சிறுதீயில் 5 நிமிடம் வறுக்கவும். பச்சை வாசனை போய், களி கிளறும்போது வருமே அந்த மணம் வந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிடவும். வறுத்தால் மாவில் உள்ள ஈரமும் குறையும். சூடான மாவில் நெய் சேர்த்தால் நெய் உருகி, குக்கீஸ் அடுப்பில் பரந்துவிடும்.

2. நாட்டுச் சர்க்கரை மார்கழி ஈரத்தில் கட்டி தட்டியிருக்கும். அரை மணி நேரம் வெயிலில் காயவைத்து, ஏலக்காயோடு சேர்த்து மிக்ஸியில் பொடித்து, சலிக்கவும்.

3. அகலமான பாத்திரத்தில் நெய்யையும் சர்க்கரையையும் போட்டு, கையாலோ மரக்கரண்டியாலோ 5 நிமிடம் நன்றாகத் தேய்க்கவும். நிறம் வெளுத்து, பொங்கினாற்போல் ஆகும். இந்தத் தேய்ப்பில் உள்ளே புகும் காற்றுதான் குக்கீஸைக் கரகரப்பாக்குகிறது. அவசரப்பட்டால் கல் மாதிரி வரும்.

4. ராகி மாவு, கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் ஒன்றாக இரண்டு தடவை சலித்து, நெய்க் கலவையில் சேர்க்கவும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையக் கூடாது. விரல் நுனியால் சேர்த்துக் கூட்டினால் போதும். கூடி வராவிட்டால் மட்டும் பாலைக் கரண்டி கரண்டியாகத் தெளிக்கவும்.

5. மூடி வைத்து 20 நிமிடம் விடவும். ராகி மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும். உடனே உருட்டினால் ஓரம் வெடிக்கும்.

6. எலுமிச்சையைவிடச் சின்ன உருண்டைகளாக, ஒவ்வொன்றும் 20 கிராம் இருக்கும்படி உருட்டி, லேசாகத் தட்டவும். முள்கரண்டியால் மேலே கோடு போடலாம். பிள்ளைகள் கையில் கொடுத்தால் நட்சத்திரம், மணி என்று அவர்களே வெட்டிக்கொள்வார்கள். எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கனம் மாறினால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் இருக்கும்.

அடுப்பு எப்படி?

பலரும் குக்கரில் உப்பைக் கொட்டிச் சுடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் குக்கரைக் காயவிட்டால், மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வு உருகிப் போகலாம். அதே மூடியை மறுநாள் பருப்பு வேகவைக்கப் பயன்படுத்துவது ஆபத்து. ஆகவே, தினமும் சமைக்கும் குக்கரை இதற்கு எடுக்க வேண்டாம். அடி கனமான பழைய அலுமினியத் தேக்சாவோ, இரும்புச் சட்டியோதான் சரி.

அதன் அடியில், கழுவிக் காயவைத்துச் சலித்த மணலை ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பவும். மேலே ஒரு பிரிமணையோ சின்ன ஸ்டாண்டோ வைக்கவும். கனமான மூடி போட்டு, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடவும். நெய் தடவிய தட்டில் குக்கீஸை விரலிடை விட்டு அடுக்கி, உள்ளே வைத்து மூடி, தீயைச் சிறிதாக்கவும். 18 முதல் 20 நிமிடம் ஆகும். நடுவில் அடிக்கடி திறக்க வேண்டாம்.

விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மூடியின் மேல் கொஞ்சம் தணலை அள்ளிப் பரப்பினால், மேலும் கீழும் ஒரே மாதிரி சூடு கிடைக்கும். மேல்பக்கம் வெளுத்துப் போகாது. மின்சார ஓவன் இருந்தால் முன்கூட்டியே சூடாக்கி, 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ராகி முதலிலேயே கறுப்பு. ஒன்றை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஓரம் காய்ந்து, வறுத்த மணம் வந்திருந்தால் எடுத்துவிடலாம். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இன்னும் வேகவில்லை' என்று திரும்ப உள்ளே வைப்பவர்கள்தான் அதிகம். ஆறும்போது சர்க்கரையும் நெய்யும் இறுகித்தான் குக்கீஸ் கெட்டியாகும். தட்டிலேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் கையிலேயே உடையும்.

உதிர்ந்துபோன முதல் ஈட்டைக் கொட்டப் போன மருமகளை, ''கொட்டாத. பால்ல போட்டு பிள்ளைங்களுக்குக் குடு. நெய் போட்டது'' என்று மாமியார் தடுத்தாராம். அப்படியே செய்தார்கள். வீணாகவில்லை.

இன்னும் இரண்டு வகை

நிலக்கடலை குக்கீஸ்: மேலே சொன்ன அளவில் ராகிக்குப் பதிலாக, வறுத்துத் தோல் நீக்கி, கொரகொரப்பாகப் பொடித்த நிலக்கடலை 100 கிராம் சேர்க்கவும். கடலையிலேயே எண்ணெய் இருப்பதால் நெய்யை 70 கிராமாகக் குறைக்கவும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டவும். தொடர்ந்து ஓட்டினால் பொடி வராது, விழுதாகிவிடும். கடலையைக் கையால் பொறுக்கிய பிறகே வறுக்க வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, கசப்பது எதையும் சேர்க்கக் கூடாது. பூசணத்தால் உண்டாகும் 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சு, வறுத்தாலும் சுட்டாலும் முழுதாக அழியாது. விற்க முடியாத கழிவுக் கடலையைப் பலகாரத்தில் சேர்த்துத் தீர்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

தினை - கருப்பட்டி குக்கீஸ்: வறுத்து அரைத்த தினை மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நெய் 100 கிராம், கருப்பட்டித் தூள் 100 கிராம், கால் டீஸ்பூன் சுக்குத்தூள். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி ஊற்றக் கூடாது. அதில் உள்ள தண்ணீர் குக்கீஸை இளக்கிவிடும். துருவி, காயவைத்து, பொடித்துச் சேர்க்க வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூன் செய்யலாமா என்று பலர் ஆசைப்படுவார்கள். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றே பொருள்தான். ஆனால், வெள்ளைக்கருவை அடிக்கும் பக்குவமும், குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்தும் அடுப்பும் அதற்கு வேண்டும். மழை ஈரத்தில் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். பழகாத கைக்கு பண்டிகை நேரத்தில் அது வேண்டாம்.

ஒன்பது மடங்கு லாபமா?

தட்டு கொடுத்த 22 வீட்டில் ஆறு வீட்டில் இருந்து, ''எங்களுக்கும் செஞ்சி குடு, காசு தர்றோம்'' என்று கேட்டார்கள். கோயிலில் பார்த்தவர்களும் சொன்னார்கள். புத்தாண்டுக்குள் தரும்படி 15 கிலோ ஆர்டர் சேர்ந்துவிட்டது. வீட்டில் உடனே ஒரு கணக்குப் போட்டார்கள். ராகிக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26-ல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோ 49 ரூபாய்கூட இல்லை. குக்கீஸ் கிலோ 450 ரூபாய். அப்படியானால் ஒன்பது மடங்கு!

மதிப்புக்கூட்டல் பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி கேட்கும் கணக்கு இது. ஆனால், தவறான கணக்கு. ஒரு கிலோ குக்கீஸில் ஒரு கிலோ ராகி கிடையாது. கால் கிலோவுக்குச் சற்று அதிகம்தான் இருக்கிறது. சரியாகப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும் (விலைகள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்):

ராகி மாவு 265 கிராம் (கிலோ 60 ரூபாய்) - 16 ரூபாய்
கோதுமை மாவு 265 கிராம் (கிலோ 56 ரூபாய்) - 15 ரூபாய்
நாட்டுச் சர்க்கரை 265 கிராம் (கிலோ 72 ரூபாய்) - 19 ரூபாய்
நெய் 265 கிராம் (கிலோ 680 ரூபாய்) - 180 ரூபாய்
பால், ஏலக்காய், பேக்கிங் பவுடர் - 15 ரூபாய்
எரிபொருள் - 15 ரூபாய்
கால் கிலோ பாக்கெட் 4, லேபிள் - 28 ரூபாய்
மொத்தம் - 288 ரூபாய்

நாலு பொருளும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுகிறதே என்று தோன்றலாம். சுடும்போது பாலின் ஈரமும் மாவின் ஈரமும் ஆவியாகி, கடைசியில் ஒரு கிலோதான் நிற்கும்.

288 ரூபாயில் 180 நெய்க்கே போகிறது. சொந்த ராகியின் பங்கு 16 ரூபாய். ஆக, குக்கீஸ் விற்பவர் முக்கால்வாசி விற்பது ராகியை அல்ல, நெய்யையும் தன் உழைப்பையும்தான். இது தெரியாமல் இறங்கினால், நெய் விலை ஏறும் டிசம்பரில் கை சுட்டுக்கொள்ள நேரும். சொந்த மாட்டு வெண்ணெய்தானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தப்பு. அந்த வெண்ணெயை விற்றிருந்தால் காசு வந்திருக்கும் அல்லவா?

450 ரூபாய்க்கு விற்றால் மீதி 162 ரூபாய். அது லாபம் அல்ல, கூலி. ஒரு கிலோவுக்கு 50 குக்கீஸ். ஒரு தேக்சாவில் ஒரு தடவைக்கு 9 அல்லது 10 தான் வைக்க முடியும். ஐந்தாறு ஈடு, ஈட்டுக்கு 20 நிமிடம். சுடுவதற்கு மட்டுமே 2 மணி நேரம் ஆகிறது. பிசைந்து, உருட்டி, பாக்கெட் போடும் நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 மணி நேரம்.

15 கிலோவுக்கு 45 மணி நேரம்! அந்த வீட்டில் இதை யாரும் யோசிக்கவில்லை. நாலு நாள் ராத்திரி பதினொரு மணி வரை அடுப்பு எரிந்தது. மாடு கறப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் போக, 8 கிலோதான் முடிந்தது. மீதி 7 கிலோவுக்கு வாங்கிய முன்பணத்தை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார்கள். ''காசு போனா பரவால்ல. சொன்ன சொல்லு போச்சேன்னுதான் கஷ்டமா இருந்துச்சு'' என்பது மாமியாரின் வருத்தம்.

எடுத்த முடிவுகள்

இந்த வருடம் அவர்கள் சில முடிவுகளோடு இருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் முடிவுகள்தான்.

* டிசம்பர் 10-க்குப் பிறகு ஆர்டர் வாங்குவதில்லை. மொத்தம் 10 கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை.
* இரண்டாவது தேக்சா ஒன்று ஏற்பாடு செய்தாயிற்று. இரண்டு அடுப்பில் வைத்தால் சுடும் நேரம் பாதியாகும். இதைவிட அதிக ஆர்டர் வந்தால், தட்டுகளில் அடுக்கி எடுத்துப்போய்க் கூலிக்குச் சுட்டுத் தரும் பேக்கரியை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.
* முன்பணம் வாங்கிய அன்றே நெய் வாங்கிவிட வேண்டும். பண்டிகை வாரத்து விலைக்குக் காத்திருக்கக் கூடாது.
* மாவுகளை வறுத்து, சலித்து, கிலோ கிலோவாக எடை போட்டு முன்கூட்டியே டப்பாவில் வைத்தால் தினமும் அரை மணி நேரம் மிச்சம்.

விற்பதென்றால்...

வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை விதியில் சொன்ன வரம்புக்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு 'பதிவுச் சான்று' போதும், உரிமம் தேவையில்லை. இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுச் சேவை மையங்களில் செய்து தருவார்கள். விண்ணப்பிக்கும் முன், நடப்புக் கட்டணத்தையும் விதியையும் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

பாக்கெட்டின் மேல் பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள் (எடை அதிகமானது முதலில்), நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், தயாரித்தவர் பெயர் - முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். சைவப் பொருளுக்குப் பச்சைக் குறி. முட்டை சேர்த்தால் அசைவக் குறிதான் போட வேண்டும். கோதுமை, பால், நிலக்கடலை இருப்பதைத் தனியாக எழுதுவது கட்டாயம். கடலை ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு குக்கீஸ்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். கடலை அரைத்த மிக்ஸியைக் கழுவாமல் ராகி குக்கீஸுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

தொழிலாகவே விரிவாக்க நினைப்பவர்களுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், வங்கிக் கடனோடு இணைந்து திட்ட மதிப்பில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் 2025-26 நிலவரப்படி தரப்பட்டு வந்தது. உங்கள் மாவட்டத்தில் நடப்பு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். பயிற்சிக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஓவன் வாங்க வேண்டாம். ஒரு பண்டிகைக்கு விற்றுப் பார்த்து, வருடம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்த பிறகு கடன் வாங்குவதே நல்லது.

கேள்வி - பதில்

'அடுப்பில் வைத்ததும் எல்லாம் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என்ன காரணம்?'

நெய் உருகியிருந்தது, அல்லது சர்க்கரையும் நெய்யும் அளவுக்கு மேல் போய்விட்டன. மாவைத் தட்டிய பிறகு, தட்டோடு குளிர்ந்த இடத்தில் 15 நிமிடம் வைத்துவிட்டுச் சுடுங்கள். தேக்சா காயாமல் இருந்தாலும் இப்படி ஆகும். மெதுவான சூட்டில் நெய் முதலில் உருகிவிடும், மாவு பிறகுதான் வேகும்.

'பேக்கிங் பவுடர் இல்லை. ஆப்பச் சோடா போடலாமா?'

போடலாம். 200 கிராம் மாவுக்கு இரண்டு சிட்டிகை போதும். கூடினால் சோப்பு வாடை வரும், நிறமும் கறுக்கும்.

'நெய்க்குப் பதிலாக வெண்ணெய், எண்ணெய், வனஸ்பதி?'

வெண்ணெயில் சுமார் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். எனவே, 100 கிராம் நெய்க்கு 115 முதல் 120 கிராம் வெண்ணெய் எடுத்து, பாலைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கிச் செய்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் செலவு குறையும் வழியாக இருக்கலாம். மார்கழிக் குளிரில் அது உறைந்தே இருப்பதால் தேய்ப்பதும் சுலபம். மணம் பிடிக்குமா என்று முதலில் சின்ன அளவில் செய்து பாருங்கள். வனஸ்பதி மலிவுதான். ஆனால், உடலுக்கு நல்லதில்லை. வனஸ்பதியில் செய்துவிட்டு 'நெய் குக்கீஸ்' என்று விற்பது குற்றம்.

'ராகி, நாட்டுச் சர்க்கரை என்பதால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?'

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. ஆனால், இந்தக் குக்கீஸில் கால் பங்கு சர்க்கரை, கால் பங்கு நெய். நாட்டுச் சர்க்கரையும், கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவையே. இது பண்டிகைப் பலகாரம், மருந்து அல்ல. லேபிளிலும் 'சர்க்கரை நோய்க்கு ஏற்றது' என்று போடாதீர்கள்.

'எத்தனை நாள் வைத்திருக்கலாம்?'

முழுதாக ஆறிய பிறகு, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் அடைத்தால் 2 முதல் 3 வாரம் இருக்கும். ஆறுவதற்கு முன் மூடினால் உள்ளே வேர்த்து நமத்துவிடும். நமத்துப் போனால், பழைய வாடை இல்லாத பட்சத்தில், 5 நிமிடம் சுட்டு ஆறவிட்டால் மறுபடி கரகரப்பாகும். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். செய்தித்தாளில் பொதியாதீர்கள், அச்சு மை ஒட்டும். விற்பவர்கள் 15 நாள் என்று போடுவது பாதுகாப்பு. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்து 7-ம் நாள், 15-ம் நாள், 21-ம் நாள் பிரித்து ருசி பார்த்தால், உங்கள் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

*

அந்த 22 தட்டுகளும் போன கிறிஸ்துமஸ் காலையில் சொன்னபடி போய்ச் சேர்ந்தன. தட்டுக்கு நாலு ராகி குக்கீஸ், இரண்டு அதிரசம், ஒரு பிடி முறுக்கு. அந்த நாலு குக்கீஸுக்கு ஆன செலவு, பொருளும் எரிபொருளும் சேர்த்து, 21 ரூபாய். பொங்கலுக்குத் தட்டுகள் திரும்பி வந்தபோது, ஒரு வீட்டுத் தட்டில் பொங்கல், கரும்போடு ஒரு சின்னப் பொட்டலம் ராகி மாவும் இருந்ததாம். ''எங்களுக்கும் அதே மாதிரி சுட்டுக் குடுங்க'' என்று.

இந்த வருடப் பட்டியலில் முதல் பெயர் அந்த வீடுதான்.